பனிக்காலத்தில் வீடு வாங்கினால் மலிவா? ரொறன்ரோ சந்தையின் கணக்கு

நவம்பர் கடைசியில் பனி கொட்டத் தொடங்கியதும் ரொறன்ரோ பெரும்பாகத்தின் வீட்டுச் சந்தை மெல்ல அடங்கிவிடும். முற்றங்களில் நிற்கும் விற்பனைப் பலகைகள் ஒவ்வொன்றாகக் குறையும். கிறிஸ்மஸ் நெருங்கினால் வாங்குபவர், விற்பவர், ஏஜென்ட், சட்டத்தரணி எல்லோருமே வேறு அலுவலில் இருப்பார்கள். ஜனவரியில் பெரும்பாலும் மந்தம். பெப்ரவரி நடுவில் கொஞ்சம் அசைவு தெரியும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை மறுபடியும் திருவிழா.

இந்த மந்தத்தைக் காட்டித்தான் “விண்டரில் வாங்குங்கள், மலிவாகக் கிடைக்கும்” என்ற ஆலோசனை ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பகுதிகளில் ஒவ்வொரு வருடமும் சுற்றுகிறது. அதில் பாதி உண்மை. குளிர்காலம் வாங்குபவருக்கு ஒரு நன்மையைத் தருகிறது, ஆனால் அது பெரும்பாலும் விலையில் இல்லை.

2022 பெப்ரவரியை எடுத்துக்கொள்வோம். வெளியே உறைபனி. ரொறன்ரோ பெரும்பாகத்தில் அந்த மாதம் விற்ற வீடுகளின் சராசரி விலை சுமார் 13 இலட்சத்து 34 ஆயிரம் டொலர். அந்த விலையேற்றச் சுற்றின் உச்சமே அதுதான், அதுவும் வந்தது நடுக்குளிரில். அப்போது வீடு தேடியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது ஒஃபர், வீதியில் கார் நிறுத்த இடமில்லை. மார்ச் 2 அன்று கனடா மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதத்திலிருந்து 0.5 ஆக உயர்த்தியது. அடுத்த வருடம் ஜூலையில் அது 5 சதவீதத்தில் நின்றது. இடையில் வந்த 2023 ஜனவரியில் அதே சராசரி விலை சுமார் 10 இலட்சத்து 39 ஆயிரம். இரண்டுமே குளிர்காலம்தான். நடுவில் ஒரு வருடம்கூட ஆகவில்லை, வித்தியாசம் மூன்று இலட்சத்துக்குக் கிட்ட. கலண்டரில் என்ன மாதம் என்பதைவிட வட்டி எங்கே போகிறது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

“ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் சராசரி விலை குறைகிறதே, புள்ளிவிவரமே சொல்கிறதே” என்று கேட்கலாம். குறைவது உண்மை. அதற்கு ஒரு காரணம் விற்கும் வீடுகளின் கலவை மாறுவது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் நடுவில் இடம்மாற்ற விரும்பாத குடும்பங்கள் பெரிய தனிவீடுகளை வசந்தத்துக்கு என்று ஒதுக்கி வைக்கின்றன. குளிர்காலத்தில் விற்பவற்றில் கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகளின் பங்கு கூடுகிறது. விலை கூடிய வீடுகள் கூட்டத்திலிருந்து விலகிவிட்டால், எந்த ஒரு வீட்டின் விலையும் இறங்காமலே சராசரி இறங்கிவிடும். ஆகவே ரொறன்ரோ வட்டார ரியல் எஸ்டேட் போர்ட் ஒவ்வொரு மாதமும் வெளியிடும் அறிக்கையில் சராசரியை மட்டும் பார்க்காமல், ஒரே வகை வீட்டை ஒப்பிட்டுக் கணக்கிடும் ‘பெஞ்ச்மார்க்’ விலையையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கண்டால், குளிர்கால மலிவில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தோற்றம் என்று ஓரளவு பிடிபடும்.

சரி, விலை பெரிதாகக் குறையவில்லை என்றால் எதற்காகக் குளிரில் அலைவது?

விற்பவர் யார் என்று பாருங்கள்

ஜனவரியில் வீட்டை விற்பனைக்கு விடுபவர்கள் இரண்டு வகை. ஒரு வகைக்கு வேறு வழியில்லை. வேலை மாறி வேறு மாகாணத்துக்குப் போகிறவர்கள், மணமுறிவில் சொத்தைப் பிரிப்பவர்கள், இறந்துபோன பெற்றோரின் வீட்டை விற்கும் பிள்ளைகள், ஏற்கனவே இன்னொரு வீட்டை வாங்கி அதன் க்ளோசிங் நாள், அதாவது மீதிப் பணம் கட்டிச் சாவி வாங்கும் நாள், நெருங்கிவிட்டவர்கள். இந்தக் கடைசி ஆட்களுக்குத்தான் நித்திரை வராது. பழைய வீடு விற்காவிட்டால் இரண்டு மோர்ட்கேஜ் கடன், அல்லது கூடிய வட்டிக்கு இடைக்காலக் கடன். பேரம் பேச இடமிருப்பது இவர்களிடம்தான்.

இன்னொரு வகை, இலையுதிர் காலத்தில் விலையைக் கூட்டிப் போட்டு, விற்காமல் கிடந்து, ஏஜென்டுடனான ஒப்பந்தத்தை முறித்து, விற்பனைப் பட்டியலில் புதிய வீடு போல மறுபடி போடுபவர்கள். பட்டியலில் “சந்தைக்கு வந்து 4 நாள்” என்றிருக்கும், ஆனால் வீடு செப்டெம்பரிலிருந்து அங்கேதான் நிற்கும். பட்டியல் வரலாற்றை ஏஜென்டிடம் கேட்டால் எடுத்துத் தருவார். ஹவுஸ்சிக்மா போன்ற செயலிகளிலும் பார்க்கலாம். மூன்று முறை போடப்பட்டு மூன்று முறையும் விலை குறைந்த வீடு என்றால், முதல் விலையை மறந்துவிட்டுப் பேசலாம். ஏன் விற்கவில்லை என்ற கேள்வியையும் கூடவே கேட்க வேண்டும். சில வேளை விலைதான் காரணம், சில வேளை பேஸ்மென்ட்.

தெரிவு குறைவு என்பது இதன் மறுபக்கம். உங்களுக்கு ஒரு குறிப்பிட்ட பள்ளிக்கூட எல்லைக்குள், நான்கு படுக்கையறை, தனி வாசல் உள்ள பேஸ்மென்ட் என்று கறாரான பட்டியல் இருந்தால், ஜனவரியில் அப்படி ஒரு வீடுகூட சந்தையில் இல்லாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களைக் குளிர்காலத்தில் வாங்கு என்று அவசரப்படுத்துவதில் அர்த்தமில்லை. இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கும், முதல் வீடு வாங்குபவர்களுக்கும்தான் இந்தக் காலம் பொருந்தும்.

நேரம் என்ற சலுகை

குளிர்காலம் தரும் உண்மையான நன்மை அவகாசம். வசந்தத்தில் நல்ல வீடொன்று வந்தால் விற்பவர் ஒஃபர் எடுக்கும் நாளைக் குறித்துவிடுவார். அன்றிரவு ஏழெட்டுப் பேர் போட்டி. வெல்ல வேண்டுமானால் நிபந்தனை எதுவும் போடாதே என்று உங்கள் ஏஜென்டே சொல்வார். நிபந்தனை போடாவிட்டால், வீட்டைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து “அத்திவாரம் வெடித்திருக்கிறது” என்றாலும் பின்வாங்க முடியாது. வங்கி கடன் தர மறுத்தாலும் முடியாது. வைப்பாகக் கட்டிய பணம், வழக்கமாக விலையின் 5 சதவீதம், போய்விடலாம். வீடு பிறகு குறைந்த விலைக்கு விற்றால் அந்த வித்தியாசத்துக்கும் உங்கள் மேல் வழக்குப் போடலாம். 2022 வசந்தத்தில் வாங்கிக் கோடையில் க்ளோஸ் பண்ண வேண்டியிருந்த பலர், வங்கியின் மதிப்பீடு வாங்கிய விலையைவிடக் கீழே வந்தபோது இந்தக் குழியில்தான் விழுந்தார்கள்.

ஜனவரியில் ஒரே ஆளாகப் போய் ஒஃபர் கொடுக்கும்போது, ஐந்து வேலை நாட்கள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு, ஐந்து வேலை நாட்கள் வங்கிக்கு என்று நிபந்தனை போட்டால் விற்பவர் முகம் சுளித்தாலும் கையெழுத்துப் போடுவார். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே பழைய வீட்டை விற்பவர் அதன் குறைகளை விவரித்துப் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடியிருக்கவே முடியாத அளவுக்கோ ஆபத்தாகவோ இருக்கும் மறைந்த குறை தெரிந்திருந்தால் அவர் சொல்ல வேண்டும். மற்றபடி பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. பார்ப்பதற்கு நாள் கிடைப்பதே பெரிய பாதுகாப்பு. இரண்டாம் முறை, வேறு நேரத்தில், மாமா ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். அண்டை வீட்டாருடன் இரண்டு வார்த்தை பேசலாம். வசந்தத்தில் பதினைந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு மில்லியன் டொலருக்குக் கையெழுத்துப் போடும் வழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி இன்னும் யாரும் போதிய அளவு ஆச்சரியப்படவில்லை என்று நினைக்கிறேன்.

வட்டி விஷயத்திலும் இந்த அவகாசம் உதவும். கடனுக்கு முன்னனுமதி எடுத்தால் வங்கிகள் வழக்கமாக 90 முதல் 120 நாள் வரை ஒரு வட்டி வீதத்தைப் பிடித்து வைக்கும். டிசம்பரில் எடுத்தால் மார்ச் வரை தாங்கும். இடையில் வட்டி ஏறினால் பழையது நிற்கும், இறங்கினால் பொதுவாகப் புதியதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் கையெழுத்திடும் வட்டியில் கட்ட முடிவது மட்டும் போதாது. அதைவிட 2 சதவீதம் கூட்டிய வட்டி, அல்லது 5.25 சதவீதம், இரண்டில் எது கூடவோ அதில் தவணை கட்ட உங்களால் முடியுமா என்று வங்கி பார்க்கும். அந்தப் பரீட்சைக்குப் பருவம் கிடையாது.

குளிர் காட்டிக்கொடுப்பவை

ஒரு வீட்டின் உண்மையான குணம் வெளியே மைனஸ் 15 இருக்கும்போதுதான் தெரியும். ஜூன் மாதத்தில் எல்லா வீடும் இதமாகத்தான் இருக்கும்.

வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸ் ஓடும் சத்தத்தைக் கேளுங்கள். எல்லா அறைக்கும் போய், சூடான காற்று வரும் வென்டில் கை வைத்துப் பாருங்கள். கராஜுக்கு மேலே இருக்கும் படுக்கையறையும் வீட்டின் வடக்கு மூலை அறையும்தான் பெரும்பாலும் குளிர்ந்து கிடக்கும். ஃபர்னஸ் மேலே ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரித்த காலம் இருக்கும், ஆயுள் பொதுவாக 15 முதல் 20 வருடம். அது சொந்தமா வாடகையா என்பதையும் கேட்க வேண்டும். வாடகை ஃபர்னஸ், வாடகை வெந்நீர்த் தொட்டி என்று வாடகைக்கு விட்ட நிறுவனங்கள் காணிப் பதிவில் ஒரு அறிவித்தலை ஏற்றிவிட்டு, வீடு கைமாறும்போது ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் தந்திரம் வெகுகாலம் நடந்தது. 2024 ஜூனில் ஒன்ராறியோ சட்டம் அந்தப் பதிவுகளைத் தடைசெய்தது. பதிவு ஒழிந்தாலும் வாடகை ஒப்பந்தம் ஒழியவில்லை. கொள்வனவு ஒப்பந்தத்தில் “வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார்” என்று ஒரு வரி இருந்தால் மாதாமாதம் கட்டப்போவது நீங்கள்தான்.

யன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் நீர் வழிந்தால் ஈரப்பதன் கூட, காற்றோட்டம் குறைவு என்று அர்த்தம். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரிகளைத் திறந்து மூலையில் கறுப்புப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் ஆணி முனைகளில் உறைபனி படிந்திருந்தால் வீட்டின் வெப்பக் காற்று மேலே கசிகிறது. குளியலறை விசிறியின் குழாயை வெளியே விடாமல் அட்டிக்குக்குள்ளேயே விட்டிருப்பார்கள், அதுவும் அடிக்கடி காணப்படும் காரணம். வெப்பக் கமராவுடன் வரும் இன்ஸ்பெக்டருக்குக் குளிர்காலம் அறுவடைக் காலம். உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரியாவது வித்தியாசம் இருந்தால்தான் அந்தக் கமரா இன்சுலேஷன் இல்லாத இடத்தைத் தெளிவாகக் காட்டும்.

உள்ளே போகுமுன் வீதியில் நின்று கூரையைப் பாருங்கள். பக்கத்து வீடுகளின் கூரையில் பனி சீராகப் படிந்திருக்க, இந்த வீட்டின் கூரையில் மட்டும் திட்டுத் திட்டாக உருகியிருந்தால், அந்த இடங்களில் நீங்கள் கட்டப்போகும் காஸ் காசு வானத்துக்குப் போகிறது. கூரை விளிம்பில் தடித்த பனிக்கட்டி தொங்குவது படத்துக்கு அழகு. மேலே உருகிய நீர் விளிம்பில் உறைந்து அணை கட்டி, கூரையை மூடியிருக்கும் ஷிங்கிள் தகடுகளுக்கு அடியால் வீட்டுக்குள் வரும் வழி அது.

நம்மவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒன்று குசினி. அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது ஒரு வடிகட்டியால் இழுத்து மறுபடி முகத்திலேயே ஊதுகிறதா? கோடையில் யன்னலைத் திறந்து சமாளிக்கலாம். ஜனவரியில் தாளித்த மணம் படுக்கையறை வரை போகும். மற்றது பேஸ்மென்ட். அதை வாடகைக்கு விட்டுத்தான் மோர்ட்கேஜ் கட்டப்போகிறோம் என்ற கணக்கில் வாங்குபவர்கள் ஏராளம். அனேக வீடுகளில் மேலும் கீழும் ஒரே ஃபர்னஸ், வெப்பம் கூட்டிக் குறைக்கும் கருவியோ மேல்மாடியில். மேலே சூடாகிக் கருவி நின்றுவிட, கீழே குடியிருப்பவர் ஜக்கெட்டோடு உட்கார்ந்திருப்பார். ரொறன்ரோவில் வீட்டுக்காரர் பொறுப்பில் சூடேற்றம் இருந்தால் குளிர்காலத்தில் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது நகரின் விதி. ஒரு சின்ன வெப்பமானியைக் கொண்டுபோய்ப் பேஸ்மென்டில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். கீழே போகும் வெளிப்படியில் ஐஸ் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, நாலே முக்காலுக்குள் பொழுது பட்டுவிடும். வேலை முடிந்து ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் நீங்கள் பார்ப்பது மின்விளக்குகளைத்தான். சனி ஞாயிறு நண்பகலில் போனால், சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாத அந்தக் காலத்தில் எந்த அறைக்கு வெயில் வருகிறது என்று தெரியும். அப்போதும் வெளிச்சமாக இருக்கும் வீடு வருடம் முழுக்க வெளிச்சமாக இருக்கும். கார் பாதை வடக்குப் பார்த்திருந்தால், எதிர்வீட்டில் தானாக உருகும் பனியை இந்த வீட்டில் நீங்கள் சவலால் அள்ள வேண்டியிருக்கும்.

பனி மூடி வைப்பவை

காட்டிக்கொடுக்கும் பனியே மறைக்கவும் செய்கிறது. ஜனவரி இன்ஸ்பெக்‌ஷன் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் வரி: பனி மூடியிருந்ததால் பரிசோதிக்க இயலவில்லை. கூரை, பின்புற டெக், கார் பாதை, நிலத்தின் சரிவு, அத்திவாரச் சுவரின் வெளிப்பக்கம் எல்லாம் அந்த வரிக்குள் அடங்கிவிடும். ஷிங்கிள் கூரையை மாற்றுவது பத்தாயிரம் டொலர் அளவுக்குப் போகக்கூடிய செலவு. பார்க்க முடியவில்லை என்றால் கூரை எந்த ஆண்டு போட்டது, ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். ரசீது இல்லை, “அஞ்சாறு வருஷம் இருக்கும்” என்ற பதில் மட்டும்தான் என்றால் இருபது வருடம் என்று வைத்துக்கொண்டு விலை பேசுவது நல்லது.

ஏ.சி.யை ஓட்டிப் பார்க்க முடியாது. வெளி வெப்பநிலை 15, 16 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது ஓட்டினால் கம்ப்ரஸர் பழுதாகலாம் என்பதால் இன்ஸ்பெக்டர்கள் தொடமாட்டார்கள். (சூடேற்றவும் குளிர்விக்கவும் ஒரே கருவியான ஹீட் பம்ப் உள்ள வீடு என்றால், சூடேற்றும் நிலையிலாவது அதைக் குளிரில் ஓட்டிப் பார்க்கலாம்.) நீச்சல் தடாகமும் புல்வெளி நீர்க்குழாய்களும் இதே கதைதான். இதற்கு வழி ஒப்பந்தத்தில் ஒரு உட்பிரிவு: இவை நல்ல இயங்கு நிலையில் இருக்கின்றன என்று விற்பவர் உறுதியளிக்கிறார், அந்த உறுதி க்ளோசிங்கோடு முடியாமல் மே அல்லது ஜூன் மாதத்தில் முதல் தடவை ஓட்டிப் பார்க்கும் வரை நிற்கும் என்று எழுதிக்கொள்வது. வழக்கமாகப் போடும் வாசகம் க்ளோசிங் நாளின் நிலையை மட்டும்தான் பேசும். ஜனவரியில் க்ளோஸ் பண்ணுபவருக்கு அதனால் பெரிய பிரயோசனம் இல்லை. சட்டத்தரணியிடம் கையெழுத்துக்கு முன்னே காட்டுங்கள். பின்னே காட்டினால் அவர் தலையாட்ட மட்டும்தான் முடியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பேஸ்மென்டுக்குள் வரும் தண்ணீர். நிலம் உறைந்திருக்கும்போது கசிவு தெரியாது. மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போதும் கோடையில் பெருமழை கொட்டும்போதும்தான் வெளிப்படும். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானது, 2024 ஜூலை 16 அன்று கிட்டத்தட்ட 98. இரண்டு நாளும் ஆயிரக்கணக்கான பேஸ்மென்டுகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வீடு ஒன்றை ஜனவரியில் பார்த்தால், புது வர்ணமும் புதுத் தரையுமாக மினுங்கும்.

ஆனால் தண்ணீர் தடம் விடாமல் போகாது. பூசாத சீமெந்துச் சுவரில் வெள்ளை உப்புப் படிவு, ஃபர்னஸ் அறையின் மரக்கால்களில் ஒரே மட்டத்தில் கறை, சுவரின் அடிப்பகுதியில் மட்டும் புதிதாகப் போட்ட பலகை, யாரும் இல்லாத பேஸ்மென்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஈரமுறிஞ்சி. கதவு யன்னல் எல்லாம் அடைத்துச் சூடேற்றிய வீட்டில் புழுங்கல் மணமும் கோடையைவிடத் தெளிவாக வரும். வாசனைத் திரி எல்லா அறையிலும் எரிந்தால் சந்தேகப்படலாம். பேஸ்மென்டில் சேரும் நீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்பும், சாக்கடை நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ரொறன்ரோ நகரம் இவற்றுக்கு மானியம் தருவதால், விண்ணப்பித்துப் போட்டவரிடம் கடதாசி இருக்கும். எந்த வருடம் போட்டார்கள் என்பதே ஒரு தகவல்: வெள்ளம் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம் என்றால் மேலே ஒரு கேள்வி கேட்க இடமிருக்கிறது.

இன்னொரு வழி, வானிலையைப் பார்த்து இன்ஸ்பெக்‌ஷன் நாளைத் தெரிவது. ரொறன்ரோ ஜனவரியிலும் சில நாட்கள் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறி மழை பெய்யும். அந்த நாளில் போனால் கூரை தெரியும், பீலியிலிருந்து இறங்கும் தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடுகிறதா, சுவரை நோக்கி ஓடுகிறதா என்பதும் தெரியும். நிபந்தனைக் காலம் ஐந்து நாள் இருந்தால் இப்படி நாள் பார்க்கலாம். ஒரே இரவில் முடிவெடுக்கும் வசந்தச் சந்தையில் அதற்கு வழியே இல்லை.

வருடம் மாறும் கணக்கு

முதல் வீடு வாங்குபவர்களுக்கு டிசம்பர் 31 ஒரு முக்கியமான நாள். 2023 ஏப்ரலில் தொடங்கிய முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் (FHSA) வருடத்துக்கு 8,000 டொலர், மொத்தம் 40,000 வரை போடலாம். போடும் பணம் வருமானத்தில் கழியும், வீடு வாங்க எடுக்கும்போது வரியும் இல்லை. கணக்கைத் திறந்த வருடத்திலிருந்துதான் இடம் உருவாகும். டிசம்பரில் வெறும் கணக்கைத் திறந்துவிட்டால் ஜனவரியில் 16,000 போடலாம், ஜனவரியில் திறந்தால் 8,000 மட்டும். தகுதியுள்ள கணவன் மனைவி இருவரும் திறந்தால் இருவருக்குமாக 32,000. குளிர்காலத்தில் வீடு தேடுபவர் இந்த இரண்டு வருடத்தையும் ஒரே கொள்வனவுக்குப் பயன்படுத்தலாம்.

ஓய்வூதியச் சேமிப்புத் திட்டத்திலிருந்து (RRSP) முதல் வீட்டுக்கு எடுக்கும் வரம்பு 2024 ஏப்ரலில் 60,000 ஆக உயர்ந்தது. போட்ட பணம் 90 நாள் கணக்கில் கிடந்தால்தான் வரிக்கழிவு முழுதாகக் கிடைக்கும். வருடத்தின் முதல் 60 நாளுக்குள் போடுவதைக் கடந்த வருடக் கணக்கில் காட்டலாம். ஜனவரி முதல் வாரத்தில் போட்டு, மார்ச்சில் வரிப் படிவம் அனுப்பித் திரும்பும் பணத்தை எடுத்து, ஏப்ரல் நடுவில் க்ளோஸ் பண்ணுபவருக்கு எல்லாம் கோர்வையாக அமையும்.

மார்கழியும் காலி வீடும்

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி 14 வரை மார்கழி. இந்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அந்த மாதத்தில் குடிபூருவதில்லை. அதனால் வீடு பார்ப்பதையே தை வரை தள்ளிப்போடுகிறார்கள். போட்டி ஆகக் குறைந்த நான்கு வாரம் அப்படியே போய்விடுகிறது. தை பிறந்து அலுவல் பார்த்துப் பெப்ரவரியில் இறங்கும்போது மற்ற எல்லோரும் இறங்கியிருப்பார்கள். உண்மையில் கையெழுத்துக்கும் க்ளோசிங்குக்கும் நடுவில் 30 முதல் 90 நாள் இருக்கும். மார்கழியில் பேசி ஒப்பந்தம் போட்டால் தையிலோ மாசியிலோதான் சாவி கைக்கு வரும். ஒப்பந்தத்துக்கும் நாள் பார்க்கும் வீட்டாரிடம் இந்த வாதம் எடுபடாது, அது வேறு விஷயம்.

இதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்று இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்தில் சாவியை வாங்கிவிட்டு, தையில் நல்ல நாள் வரும் வரை வீட்டைக் காலியாக விடுவது. காஸ் செலவைக் குறைக்கச் சூட்டையும் இறக்கிவிடுவார்கள். மைனஸ் 20இல் ஒரு குழாய் உறைந்து வெடித்தால், யாரும் போகாத அந்த வீட்டில் தண்ணீர் நாள்கணக்கில் ஓடும். பல காப்புறுதிப் பத்திரங்களில், சூடேற்றும் காலத்தில் தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் யாரும் போய்ப் பார்க்காத வீட்டில் குழாய் உறைந்த சேதத்துக்கு இழப்பீடு இல்லை. 30 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால் காப்புறுதியின் பெரும்பகுதியே நின்றுவிடலாம். பால் காய்ச்சும் நாள் தள்ளியிருந்தால் காப்புறுதி நிறுவனத்துக்கு முதலே சொல்ல வேண்டும். பிரதான குழாயை மூடி, பைப்பைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். ஃபர்னஸை 15 டிகிரிக்குக் கீழே இறக்காமல், பக்கத்தில் இருக்கும் யாராவது தினமும் ஒருமுறை எட்டிப் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். குடிபூரும் அன்று ஓமம் வளர்ப்பதாக இருந்தால் புகை அலாரம் பற்றியும் ஐயரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், குளிரில் யன்னலைத் திறக்க ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

க்ளோசிங் நாளைத் தெரியும்போது கிறிஸ்மஸுக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. வங்கியில் ஆள் குறைவு, காணிப் பதிவு விடுமுறை நாளில் இயங்காது, பனிப்புயல் வந்தால் லொறியும் வராது. வெள்ளிக்கிழமை பதிவு தவறினால் திங்கள்தான். அதுவரை சாமான்கள் லொறியில், குடும்பம் உறவினர் வீட்டு வரவேற்பறையில். செவ்வாய், புதன் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் பிசகினாலும் சமாளிக்கலாம்.

ஒப்பந்தத்தில் க்ளோசிங்குக்கு முன் இரண்டு தடவை வீட்டைப் போய்ப் பார்க்கும் உரிமையை எழுதச் சொல்லுங்கள், இது வழக்கமாகப் போடும் பிரிவுதான், விற்பவர் பெரும்பாலும் மறுப்பதில்லை. ஜனவரியில் வாங்கி ஏப்ரலில் க்ளோஸ் பண்ணுபவர் இரண்டாவது பார்வையைப் பனி உருகும் வாரத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். அந்த நேரத்தில் பேஸ்மென்டில் ஈரத்தைக் கண்டால் ஒப்பந்தத்தை முறிக்க முடியாமல் போகலாம். ஆனால் படம் எடுத்து அன்றே சட்டத்தரணிக்கு அனுப்பினால், க்ளோசிங்குக்கு முன் திருத்தித் தரவோ விலையில் ஒரு தொகையைக் கழிக்கவோ பேச ஒரு பிடி இருக்கும். பணம் கைமாறிய பிறகு அதே ஈரத்தைக் காட்டிக் காசு வாங்குவதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும்.